கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டவள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டுதான் நுழைவாள். மேஜைமேல் சாய மாட்டாள். அடுத்தவர் கட்டிலில் உட்கார மாட்டாள். யாராவது, இந்தச் சீப்பைக் கொஞ்சம் பிடி என்று நீட்டினால்கூட வாங்காமல் சிரித்து நழுவிவிடுவாள். சேலத்தில் பெண்களுக்கான டிரெயினிங் ஸ்கூல் ஹாஸ்டலில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், நாங்கள் ஒரே அறையில் இருந்தோம். எனக்குப் பதினேழு வயசு. அவளுக்குப் பதினெட்டு. ரொம்பத் திமிர் பிடித்தவள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவள் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஹாஸ்டல் ரிஜிஸ்தரில் இருந்தது அவளுடைய பெயர் அல்ல. சொந்தப் பெயரை என்னிடம் சொன்ன அன்றைக்கே, வேறு யாருக்கும் சொல்லாதே என்றாள். இனிமேல் சொல்லலாம் என்று அவளும் பிறகு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அவள் பேச்சும் வேறு மாதிரி. திருச்செங்கோட்டுப் பெண்கள் "ஊட்டுக்குப் போய்ட்டு வாரேனுங்க" என்று வார்டனம்மாவிடம் லீவு கேட்பார்கள். ராசிபுரத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணான என் பேச்சும் அதற்கு ரொம்ப தூரமில்லை. இவள் மட்டும் ஒவ்வொரு வார்த்தையையும் இலக்கணப் புத்தகத்திலிருந்து எடுத்து வைப்பது போலப் பேசுவாள். லீவில் ஊருக்குப் போகவும் மாட்டாள். எட்டு வயசிலிருந்து மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒருத்தர் வளர்த்ததாகவும், அவர் போன பிறகு தனக்கு யாரும் இல்லை என்றும் சொல்லியிருந்தாள்.

ஹாஸ்டலில் அந்த வருஷம் ஒரு பொருளும் நிரந்தரமாகத் தொலைந்ததில்லை. பூகோள டீச்சரின் மூக்குக் கண்ணாடி, சமையல் அம்மாளின் உக்கிராண அறைச் சாவி, ஒரு பெண்ணின் வெள்ளிக் கொலுசுத் திருகு எல்லாமே ஒன்றிரண்டு நாளில் அகப்பட்டுவிடும். எதையும் அவள் எடுத்துக் கொடுத்ததாக யாரும் சொல்ல முடியாது. கண்ணாடி தொலைந்த அன்று அவள் செய்ததெல்லாம், டீச்சரிடம் போய், மழை வரும்போல் இருக்கிறது, மாடியில் காயும் வற்றலை அள்ளிவிடலாமா என்று கேட்டதுதான். டீச்சரே போய் அள்ளினார். கண்ணாடி வற்றலுக்கு அடியில் கிடந்தது. இவள் படிக்கட்டிலேயே நின்றிருந்தாள், கைகள் பின்னால்.

எனக்கு அவளைத் தெரியவந்தது ஒரு திருட்டால். திருடியவள் நான்.

எங்கள் அறையில் ஆத்தூர்ப் பக்கத்தில் பெரிய நிலக்காரரான மிட்டாதார் வீட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் தந்த நிறத்தில் ஒரு பவுண்டன் பேனா இருந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவளே நான்தான். என்னுடையது கட்டைப் பேனா, மையில் தோய்த்துத் தோய்த்து எழுத வேண்டும். அவள் நிறுத்தாமல் ஒரு பக்கம் முழுக்க எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஒரு மத்தியானம் அறையில் யாரும் இல்லாதபோது அதை எடுத்து, என் டிரங்குப் பெட்டியில் புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பேனாவைத் தேடியபோது சந்தேகம் பாத்திரம் தேய்க்கும் அம்மாள்மேல் விழுந்தது. அவள்தான் அறை பெருக்க வந்தவள். வார்டனம்மா அவளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் சத்தம் போடாமல் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் குனிந்து என் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் துவைக்கிற கல்லருகே, கைகளைப் பின்னால் கட்டியபடி, என் அறைத்தோழி என் பக்கத்தில் வந்து நின்றாள். அவ்வளவு நாளில் முதல் தடவையாகப் புத்தகப் பேச்சை விட்டுவிட்டுப் பேசினாள்.

"காத்தாலயிருந்து என் நாக்குல அந்துருண்டை ருசி. சோறு எறங்கல."

நான் புரியாதவள் போலப் பார்த்தேன். என் பெட்டியில்தான் அந்துருண்டை போட்டு வைத்திருந்தேன். அந்த அறையில் வேறு யாரிடமும் அது கிடையாது.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சாமி. நான் தொடவும் மாட்டேன். நீயே எடு. எடுத்து, அவ கட்டில் கால்கிட்டப் போட்டுரு. அந்தம்மா நாளைக்கு வேலைக்கு வரணும்."

அப்படியே செய்தேன். பேனா உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிருந்ததாக எல்லோரும் நம்பினார்கள். பாத்திரம் தேய்க்கும் அம்மாள் மறுநாள் வந்தாள். என்னை ஒருவரும் ஒரு கணம்கூடச் சந்தேகப்படவில்லை. அதை என் அறைத்தோழி ஒருமுறை சொல்லிக் காட்டினாள், கோபமாக அல்ல, ஆச்சரியமாக. "உன்னை யாரும் நெனைக்கவே இல்ல, பாத்தயா?" என்றாள்.

அவளிடம் இருந்தது இதுதான். ஒரு பொருளைப் பறிகொடுத்து மனசு தவிக்கிறவர் பக்கத்தில் இருந்தால், அந்தப் பொருள் கிடக்கிற இடம் அவளுக்கு நாக்கில் ருசியாகத் தெரியும். கிணற்றில் கிடந்தால் பாசி ருசி. பரணில் கிடந்தால் ஒட்டடை. யாராவது இடுப்பில் சொருகி வைத்திருந்தால் வியர்வை உப்பு. அது அகப்படும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஹாஸ்டலில் எது தொலைந்தாலும் அவள் இலையில் சோறு அப்படியே இருப்பதை அதன் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன்.

மற்றதை அவள் சொல்ல ஒரு கிழவர் காரணமானார். மாதத்துக்கு ஒருமுறை அவர் ஹாஸ்டல் கேட்டுக்கு எதிர்ப்பக்கம், சாலையோரப் புளிய மரத்தடியில் வந்து நிற்பார். கையில் மரவள்ளிக் கிழங்குக் கட்டு இருக்கும். யாரிடமும் விற்க மாட்டார். ஒரு நாழிகை நின்றுவிட்டுக் கட்டைக் கேட்டருகே வைத்துவிட்டுப் போய்விடுவார். காவல்காரர் அதை அவித்துத் தின்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடி ஜன்னலருகே அவள் நின்றுகொண்டு அவரைப் பார்ப்பதை நான் பார்த்துவிட்டேன். இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"எங்கய்யன்" என்றாள். அப்பாவைத்தான் அப்படிச் சொன்னாள்.

நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கரட்டுக் குன்றின் அடியில் அவர்கள் தெரு. சர்க்கார் கைரேகைச் சட்டத்தில் பேர் எழுதி வைத்திருந்த சனங்கள். பெரியவர்கள் எல்லோரும் ஸ்டேஷனில் போய் ரேகை வைக்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டினால் இன்ன ஊருக்கு என்று எழுதிய சீட்டு வேண்டும். எங்கே எது காணாமல் போனாலும் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் போலீஸ் வரும். அவளுக்கு இருக்கிற ருசி அவருக்கும் உண்டு. அவளுக்கு ஏழு வயசாக இருக்கும்போது, ஊர்ப் பண்ணைக்காரரின் உழவு மாடு ஒன்று காணாமல் போயிருக்கிறது. மூன்று நாளாய்ச் சோறு இறங்காமல் கிடந்த மனுஷர் கடைசியில் எழுந்து போய், ஓடைச் சேற்றில் கழுத்துவரை புதைந்திருந்த மாட்டை மீட்டுக் கயிறு பிடித்துப் பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தினார். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. ஆறு மாசம் ஜெயிலில் இருந்தார்.

அவர் உள்ளே இருந்தபோதுதான் இவள், பக்கத்து வீட்டு அரிவாள் வைக்கோல் போருக்குள் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அவள் வாயிலேயே ஓர் அறை வைத்து, அதில கை வெச்சயா, கை வெச்சயா என்று கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறாள். அடுத்த வருஷம் ஊசி போட வந்த நர்ஸம்மாவிடம் மகளை ஒப்படைத்து, வேற பேர் வெச்சுக்குங்க, இங்க கூட்டிட்டு வந்துராதீங்க என்று அனுப்பிவிட்டாள்.

"யாராச்சும் கண்டுபுடிச்சா நானும் அங்க போய் ரேகை வைக்கணும்" என்றாள். "பரீட்சைக்கு ஆறு மாசந்தான் இருக்குது. பாஸ் பண்ணிட்டா வாத்தியாரு. வாத்தியாரை யாரும் வரிசைல நிறுத்த மாட்டாங்க இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொன்னேன்.

அந்த மாசக் கடைசியில் எங்களை ரயிலில் மேட்டூருக்கு அழைத்துப்போனார்கள். வார்டனம்மா தன் ஐந்து வயசுப் பெண் குழந்தையையும் கூட்டி வந்தார். அவர் சின்ன வயசிலேயே கணவனை இழந்தவர். அந்தக் குழந்தையைத் தவிர அவருக்கு வேறு பிடிமானம் கிடையாது. யுத்த காலம் என்பதால் அணைக்குப் போலீஸ் காவல் இருந்தது. சுற்றிப் பார்த்துவிட்டு, மத்தியானம் ஒரு பெரிய வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். பாதிச் சாப்பாட்டில் வார்டனம்மா எழுந்து குழந்தையைக் கூப்பிட்டார். பதில் இல்லை.

எல்லோரும் வாய்க்கால் பக்கம் ஓடினார்கள். போலீஸ்காரர்களும் ஓடினார்கள். வார்டனம்மா தண்ணீரையே பார்த்து நின்றார். அவள் மட்டும் நகரவில்லை. வாயைப் புறங்கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

"ஆளுக்கு எனக்கு வந்ததே இல்ல" என்றாள் என்னிடம். "தண்ணி இல்ல. துரு. துருவும் சுண்ணாம்பும். சூடா இருக்குது. நீ ஓடு. நீயே எடு."

நான் ஓடினேன். சுண்ணாம்பு என்றதும் தூரத்தில் தெரிந்த காளவாய்ப் பக்கம் ஓடினேன். அது தப்பான திசை. திரும்பிப் பார்த்தபோது அவள் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்த வேலைக் கொட்டகைகளுக்குப் பின்னால், அணை கட்டியபோது சுண்ணாம்புச் சாந்து சுமந்த பழைய இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்துக் கிடந்தன. மூடி சாய்ந்து அடைத்திருந்த ஒன்றின் முன் போய் நின்று, இரண்டு கைகளாலும் மூடியைத் தள்ளினாள். இரும்பு அவள் உள்ளங்கைகளைப் பொசுக்கியது. உள்ளே கையை விட்டுக் குழந்தையைத் தூக்கினாள். துணி மாதிரித் துவண்டு கிடந்தது. தண்ணீர் தெளித்து, நிழலில் கிடத்தி விசிறிய பிறகு கண் திறந்து அம்மாவைக் கேட்டது.

வார்டனம்மா ஓடி வந்து குழந்தையை வாரி அணைத்தார். அப்போதுதான் அவர் கை குழந்தையின் கழுத்தைத் தடவியது. காலையில் போட்டு வந்த தங்கச் சங்கிலி இல்லை.

அவர் அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. ஆனால் கூட வந்த போலீஸ் ஏட்டு கேட்டுவிட்டார். இத்தனை பேரும் தண்ணீருக்கு ஓடும்போது இந்தப் பெண் மட்டும் நேராக இங்கே வந்தது எப்படி என்றார். அவள் இடுப்புச் சொருகலைப் பார்க்கச் சொன்னார். பூகோள டீச்சர் பார்த்தார். ஒன்றும் இல்லை. எங்கேயாவது போட்டிருப்பாள் என்றார் ஏட்டு. நோட்டை எடுத்துப் பேர், தகப்பன் பேர், ஊர் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

சங்கிலி எங்கே கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். வார்டனம்மா பக்கத்தில்தானே நின்றுகொண்டிருந்தார். எடுத்துக் கொடுத்தால் திருடி. எடுத்துக் கொடுக்காவிட்டாலும் திருடி. கொப்புளம் கிளம்பிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"வாய் ரொம்பக் கசக்குது. வேப்பம்பழம் தின்ன மாதிரி. கொஞ்சம் தண்ணி கொண்டு வாரயா?"

நாங்கள் சாப்பிட்ட மரத்தடிக்கு ஓடினேன். குழந்தை அங்கே உதிர்ந்த வேப்பம்பழங்களைப் பொறுக்கிக் குவித்து விளையாடியிருந்தது. குவியலைக் கலைத்தேன். அடியில், கொக்கி அறுந்து, சங்கிலி கிடந்தது. ஒரு கையில் தண்ணீரும் ஒரு கையில் சங்கிலியுமாகத் திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும், மரத்தடியில் கிடந்தது, நான் எடுத்தேன் என்றேன். ஏட்டு என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நோட்டில் எழுதினதை அடிக்கவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணைக் காகிதம் சேலத்துக்கு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள் ஹாஸ்டலுக்கு வந்த அன்றுதானா அந்தக் கிழவரும் புளிய மரத்தடியில் நிற்க வேண்டும்? போலீஸைக் கண்டதும் அவர் உடம்பு தானாகக் குனிந்திருக்கிறது. அது போதுமாக இருந்தது. கான்ஸ்டபிள் சீட்டைக் கேட்டார். ராசிபுரம் சந்தைவரைக்கும் என்று சீட்டில் இருந்தது. அவரைக் கையோடு அழைத்துக்கொண்டே வார்டனம்மா அறை வராந்தாவுக்கு வந்துவிட்டார். சங்கிலி விஷயத்துக்குச் சாட்சி என்று என்னையும், அவளையும் கூப்பிட்டார்கள்.

காலை வெயில் வராந்தாவில் பாதிவரை விழுந்திருந்தது. அப்பாவும் மகளும் பத்து வருஷத்துக்குப் பிறகு நாலடி தூரத்தில் நின்றார்கள். அதே தாடை, அதே புருவம். வார்டனம்மா ஒருமுறை அவரைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

மாசாமாசம் ஹாஸ்டலுக்குக் கிழங்கு போடுகிறவர், நான்தான் வரச் சொன்னேன் என்றார் வார்டனம்மா. ஒரு பொய் சொன்னதற்காக எங்களை வெயிலில் நிறுத்துகிற மனுஷி. கான்ஸ்டபிள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், இந்தப் பெண்ணைத் தெரியுமா என்று கிழவரைக் கேட்டார்.

"தெரியாதுங்க. பாத்ததே இல்லீங்க" என்றார் அவர். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

அவளைக் கேட்டார்கள்.

"எனக்கு இவரைத் தெரியாது" என்றாள். சுத்தமான பாடப்புத்தகத் தமிழ். ஓர் எழுத்து தவறவில்லை.

சீட்டை மீறி வந்ததற்காக அவரைக் கூட்டிப் போனார்கள். கேட்டைத் தாண்டும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கிளம்புவதற்கு முன்பே வார்டனம்மா உட்கார்ந்து அந்தக் காகிதத்தின் அடியில், இந்தப் பெண் எனக்கு உறவு, குழந்தையிலிருந்து என் பொறுப்பில் வளர்ந்தவள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். அவளிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று மத்தியானத்திலிருந்து அவள் இலை மட்டும் குழந்தையின் இலைக்குப் பக்கத்தில் விழுந்தது.

அவளால் சாப்பிட முடியவில்லை. அதுவரை மற்றவர் பறிகொடுத்ததைத்தான் அவள் நாக்கு அறிந்திருந்தது. இப்போது அவளே பறிகொடுத்தவள். காலையில் எழுந்ததும் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். "ஈரச் சுண்ணாம்பு" என்பாள். ஜெயில் சுவர். சில நாள், "புளிச்ச கூழு" என்பாள். நாற்பது நாளைக்குமேல் இப்படியே போயிற்று. கன்னம் ஒட்டிப்போய், கழுத்தெலும்பு தெரிய, அந்த நிலையிலும் மாதிரி வகுப்பில் நின்று குழந்தைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் பல் விளக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"புழுதி" என்றாள். "நடந்துக்கிட்டிருக்காரு."

அன்று இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

பரீட்சையில் இரண்டு பேரும் தேறினோம். எனக்கு ராசிபுரத்திலேயே வேலை கிடைத்தது. அவள் யாரும் போகாத ஓர் ஊரைக் கேட்டு வாங்கினாள், அவர்கள் தெருவுக்கு அரை மைலில் இருந்த போர்டு ஸ்கூல். பொய்ப் பெயரோடுதான் போனாள். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்தாள். தினம் இரண்டு வேளை அப்பா வீட்டைத் தாண்டி நடந்தாள். சொந்த அண்ணன் மகன் அவளை டீச்சர் என்று கூப்பிட்டு அவளிடமே அரிச்சுவடி படித்தான். அவரும் அவளும் எதிரெதிரே பார்த்துக்கொண்டால், டீச்சரம்மாவுக்கு வழி விட்டு அவர் ஓரமாக நிற்பாராம். இதையெல்லாம் எனக்குக் கடிதத்தில் எழுதுவாள். ஆள் பெயர் எதுவும் போட மாட்டாள்.

சுதந்திரம் வந்த வருஷம் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அதற்கடுத்த பொங்கல் கழிந்து, ஊருக்கு வா என்று எனக்கு ஒரு கார்டு வந்தது. அடியில் தன் சொந்தப் பெயரை எழுதியிருந்தாள். பஸ்ஸில் இறங்கிக் கரட்டோரமாக நடந்து போனேன். அவள் தெரு முனைக்கே வந்து என்னைக் கூட்டிப்போனாள். அப்பா வீட்டுக்கே குடிவந்துவிட்டதாகச் சொன்னாள். புத்தகப் பேச்சு போய்விட்டிருந்தது.

கிழவர் வாசலில் ஆட்டுக்குட்டிக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என் குடை, தோல் பை, செருப்பு எல்லாவற்றையும் பார்த்ததும் எழுந்து, தோள் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"இவருதான் எங்கய்யன்" என்றாள் அவள்.

"இல்லீங்க" என்றார் அவர் என்னிடம். "இவிங்கள எனக்குத் தெரியாதுங்க. பாத்ததே இல்லீங்க."

வராந்தாவில் கேட்ட அதே குரல். அவள் கலங்கவில்லை. யார் வந்தாலும் இப்படித்தான் சொல்கிறார், கொஞ்சம் பொறு என்றாள் என்னிடம். அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, இவ என்ற சிநேகிதி. சர்க்கார் ஆளு இல்ல. சட்டத்த எடுத்துட்டாங்கன்னு சொன்னன்ல? இப்பச் சொல்லு. நான் யாரு?"

அவர் தழையை எடுத்து நீட்டினார். ஆட்டுக்குட்டி தழையை இழுத்தது. அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். மறுபடியும் அதையே கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்தார். பாதை வெறிச்சென்று இருந்தது.

"இவ என்ற புள்ளைங்க" என்றார்.